ப்ராக் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஜவ்வாது மலை போங்க: ரெண்டு நாள் டிரிப்புக்கு பட்ஜெட் போடும் முறை

போன வாரம் வீடியோவில் காவலூர் வானத்தையும் ஜமுனாமரத்தூர் ஏரியையும் காட்டினேன். "டிராவல் சேனல் ஆரம்பிச்சுட்டீங்களா?"ன்னு நிறைய பேர் கேட்டீங்க. இல்லைங்க. அந்த வீடியோவில் சொல்ல நேரம் இல்லாத கணக்கைத்தான் இங்கே எழுதப் போறேன். ஒரு பேப்பரும் பேனாவும் பக்கத்துல வச்சுக்கோங்க.

முதல்ல என்னோட ஒரு பழைய கணக்கு. வேலைக்குச் சேர்ந்து மூணாவது வருஷம். ஆபீஸ் நண்பர்கள் ரெண்டு பேரோட அஞ்சு நாள் ப்ராக் போனேன். 1410ஆம் வருஷத்துல வச்ச வானியல் கடிகாரம், சார்லஸ் பாலம், பழைய ஊரின் கல் பாவிய தெருக்கள், ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் திறந்திருக்கும் சாப்பாட்டுக் கடைகள். ஊர் அருமையான ஊர், அதுல சந்தேகமே இல்ல. ஆனா போன காசு என்னோடது இல்ல. 1,50,000 ரூபாய் பர்சனல் லோன், 14 சதவீத வட்டி, 24 மாசம். இ.எம்.ஐ. 7,202 ரூபாய். முழுசா கட்டி முடிக்கும்போது வட்டி மட்டும் 22,800 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல. பிராசசிங் ஃபீஸ் 2 சதவீதம், அதுக்கு ஜி.எஸ்.டி. சேர்த்து 3,540 ரூபாய் தனி.

இதோட முடியல. அங்கே போன பிறகு, பட்ஜெட்டில் இல்லாத 38,000 ரூபாயை கிரெடிட் கார்டில் தேய்ச்சேன். திரும்பி வந்த மாசம் மினிமம் டியூ மட்டும் கட்டினேன். அந்தக் கார்டுக்கு மாசம் 3.5 சதவீதம், அதாவது வருஷத்துக்கு 42 சதவீதம். 38,000 ரூபாய்க்கு ஒரு மாச வட்டி 1,330 ரூபாய், அதுக்கு மேல 18 சதவீதம் ஜி.எஸ்.டி. மினிமம் டியூ மட்டும் கட்டினா, பாக்கிக்கு மட்டும்தான் வட்டின்னு நினைச்சுட்டு இருந்தேன். அப்படி இல்ல. வட்டியில்லா காலமே ரத்தாகிடும். செலவு பண்ணின தேதியிலிருந்து வட்டி ஓடும், புதுசா வாங்குற பாலுக்கும் பெட்ரோலுக்கும் கூட.

எட்டாவது மாசம் அப்பாவுக்குத் திடீர்னு உடம்பு முடியல. ராத்திரி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், அட்வான்ஸ் 60,000 கட்டச் சொன்னாங்க. என் அக்கவுண்ட்டில் இருந்தது 11,000 சொச்சம். அம்மா ஒரு வார்த்தை கேட்கல. விடிஞ்சதும் வளையலைக் கழற்றி என் கையில் கொடுத்தாங்க, நான் போய் அடகு வச்சேன். அதை மீட்க அஞ்சு மாசம் ஆச்சு. அப்பா நல்லா இருக்கார். எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் கதவுல ப்ராக் பாலம் போட்ட காந்தம் இன்னும் ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கு.

அதனால வெளிநாடு போகாதீங்கன்னு நான் சொல்ல வரல. நானே மறுபடி போகப் போறேன். ஆனா அதுக்கு முன்னாடி ஒரு ரிகர்சல் வேணும். டிரிப்புல நீங்க எப்படிச் செலவு பண்ற ஆளுன்னு உங்களுக்கே தெரியாது. போட்ட பட்ஜெட்டுக்கும் ஆன செலவுக்கும் எத்தனை சதவீதம் வித்தியாசம் வரும்? அந்த நம்பரை 5,000 ரூபாய் செலவில் கண்டுபிடிக்கலாம், ரெண்டு லட்சம் செலவிலும் கண்டுபிடிக்கலாம். நான் ரெண்டாவது வழியில் போனவன்.

ஏன் ஜவ்வாது மலை?

சென்னையிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர். கிழக்குத் தொடர்ச்சி மலையில் திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரவிக் கிடக்கு. சனி, ஞாயிறு போதும், லீவ் போட வேண்டாம். ஊட்டி, கொடைக்கானல் மாதிரி கூட்டமும் இல்ல, அந்த விலையும் இல்ல. முக்கியமா, "அப்படியே போற போக்குல பார்த்துக்கலாம்" என்கிற ஆளை இந்த மலை நல்லா சோதிக்கும். ஏ.டி.எம்., பெட்ரோல் பங்க் எல்லாம் நினைச்ச இடத்துல கிடைக்காது. சிக்னல் வரும், போகும். பஸ் உண்டு, ஆனா கடைசி பஸ்ஸை விட்டா அடுத்தது காலையில்தான். திட்டம் போடாம போனா, அதுக்கான விலையை அங்கேயே வசூல் பண்ணிடும்.

அதோட, ப்ராக்கில் நான் தேடிப் போன சமாச்சாரங்கள் இங்கேயும் இருக்கு. அங்கே வானியல் கடிகாரம்னா, இங்கே காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம். இந்திய வான் இயற்பியல் நிறுவனம் நடத்துறது. அங்கே 1972லிருந்து ஒரு மீட்டர் டெலஸ்கோப் ஒண்ணு வேலை செய்யுது. 1977 மார்ச்சில் யுரேனஸ் கிரகத்துக்கு வளையம் இருக்குன்னு உலகத்துக்குத் தெரிய வந்தப்போ, அதைக் கவனிச்ச இடங்களில் காவலூரும் ஒண்ணு. நம்ம நாட்டிலேயே செஞ்ச 2.34 மீட்டர் டெலஸ்கோப்பை 1986 ஜனவரியில் ராஜீவ் காந்தி திறந்து வச்சார். பழைய நகரம் பார்க்கணும்னா, மலைக்குக் கீழே படவேடு. சம்புவராயர்கள் தலைநகரா வச்சு ஆண்ட ஊர், இப்போ ரேணுகாம்பாள் கோயிலுக்காகப் போறாங்க. வழியில் வேலூர் கோட்டை, அகழி, உள்ளே ஜலகண்டேஸ்வரர் கோயில். 1806 ஜூலை 10ஆம் தேதி சிப்பாய்கள் எழுந்த கோட்டை அது. மலைமேல பெருங்கற்காலக் கல்திட்டைகள் கூட இருக்கு. ஊர்க்காரங்க குள்ளர் வீடுன்னு சொல்றாங்க. அதுக்கு டிக்கெட்டும் கிடையாது, வேலியும் கிடையாது. தயவுசெய்து மேல ஏறி நின்னு போட்டோ எடுக்காதீங்க.

முதல் முடிவு: அருவியா, நட்சத்திரமா?

பட்ஜெட்டுக்கு முன்னாடி தேதி. இதுல ஒரு சிக்கல் இருக்கு. பீமன் அருவியில் தண்ணி நல்லா விழணும்னா வடகிழக்குப் பருவமழை சமயத்திலோ அது முடிஞ்ச கையோடவோ போகணும். ஆனா மழைக்காலத்துல வானம் மூடியிருக்கும், காவலூரில் ஒண்ணும் தெரியாது. பிப்ரவரியில் வானம் பளிச்னு இருக்கும், அருவி நூல் மாதிரி ஒழுகும். ரெண்டும் ஒரே டிரிப்பில் முழுசா கிடைக்காது. பொருளாதாரப் புத்தகத்துல வாய்ப்புச் செலவுன்னு ஒரு அத்தியாயம் முழுக்கச் சொல்ற விஷயம் இதுதான்.

நாங்க நட்சத்திரத்தை எடுத்தோம். பிப்ரவரி மாசம், அமாவாசையை ஒட்டின சனிக்கிழமை. வானாய்வகத்தில் பொதுமக்களை அனுமதிக்கிறது சனிக்கிழமை பிற்பகலில். வருஷத்தோட முதல் மாசங்களில், வானம் தெளிவா இருந்தா சாயந்திரத்துக்கு மேலயும் ஒரு சின்ன டெலஸ்கோப்பில் காட்டுறது உண்டு. இந்த நாள், நேரம் எல்லாம் மாறக்கூடியது. கிளம்புறதுக்கு முன்னாடி நிறுவனத்தோட வெப்சைட்டில் கண்டிப்பா பாருங்க. அதைப் பார்க்காம ஞாயிற்றுக்கிழமை போய் கேட்டு முன்னாடி நின்னா, அது உங்க தப்பு.

பட்ஜெட்: நாலு பேர், ஒரு ராத்திரி

நான் எங்களுக்குப் போட்ட கணக்கைத் தர்றேன். இது நாங்க ஒதுக்கின தொகை. உங்க ஊரிலிருந்து, இன்னைக்கு விலைக்கு நீங்க மாத்திப் போட்டுக்கோங்க.

சென்னையிலிருந்து ஜோலார்பேட்டை, திரும்பி வர காட்பாடியிலிருந்து சென்னை, நாலு பேருக்கு ரயில் 1,400. ஜோலார்பேட்டையில் ஏத்தி காட்பாடியில் இறக்கிவிட ரெண்டு நாளைக்குக் கார், டிரைவர் பேட்டாவோட 7,500. ரெண்டு ரூம், ஒரு ராத்திரி 3,600. சாப்பாடு ஆளுக்கு 900 வீதம் 3,600. படகு, நுழைவு, பார்க்கிங் 600. வாங்கிட்டு வர்றதுக்கு 1,200. மொத்தம் 17,900. இதுக்கு மேல எதிர்பாராததுக்கு பத்து சதவீதம், ரவுண்டா 1,800. ஆக 19,700. ஆளுக்கு 4,925 ரூபாய்.

இதுல பெரிய தலை எது பாருங்க. ரூம் இல்ல, சாப்பாடும் இல்ல. கார். நாம விலை பேசும்போது ரூமுக்கு 200 ரூபாய் குறைக்கப் போராடுவோம். காருக்கு மட்டும் "கிலோமீட்டருக்கு எவ்வளவுண்ணா?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டு முடிச்சுடுவோம். வெளியூர் வாடகையில் பொதுவா ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் 250 கிலோமீட்டர்னு கணக்கு வச்சிருப்பாங்க. நீங்க 120 ஓடினாலும் 250க்குத்தான் பில். ஜவ்வாது மலையில் சுத்துற தூரம் கம்மி, நிக்கிற நேரம் அதிகம். அதனால ஜோலார்பேட்டையிலோ திருப்பத்தூரிலோ உள்ளூர் வண்டி பிடிச்சு, நாள் வாடகை பேசுறது லாபமா வரலாம். ரெண்டு மாதிரியும் விலை கேளுங்க. கேட்கும்போது மலை ஏறுறதுக்குத் தனியா உண்டா, ராத்திரி எத்தனை மணிக்கு மேல எக்ஸ்ட்ரா, டிரைவருக்குத் தங்க இடம் யார் பொறுப்பு, இறக்கிவிட்டுக் காலியா திரும்புற தூரத்துக்குக் காசு உண்டா, எல்லாத்தையும் கேட்டு வாட்ஸப்பில் ஒரு மெசேஜா வாங்கி வச்சுக்கோங்க. டிரைவர் அண்ணனுக்கும் அதுதான் நல்லது. கடைசி நிமிஷத்துல ரோட்டோரமா நின்னு வாக்குவாதம் பண்ண வேண்டியதில்ல.

பஸ்ஸில் போனா இந்த 7,500 நாலில் ஒரு பங்கு கூட வராது. போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு சுமார் 40 கிலோமீட்டர், பஸ் இருக்கு. ரெண்டு பேரா போறவங்க அதையே யோசிங்க. ஆனா ராத்திரி நட்சத்திரம் பார்த்துட்டு வர பஸ்ஸை நம்ப முடியாது.

எல்.டி.ஏ. கிளெய்ம் பண்ணலாமா?

"சம்பளத்துல எல்.டி.ஏ. இருக்கே, இந்த டிரிப்பைக் காட்டிடலாமே"ன்னு சிலருக்குத் தோணும். பண்ணாதீங்க. முதல்ல, நீங்க புது வரி முறையில் இருந்தா அந்தச் சலுகையே கிடையாது. பழைய முறையில் இருந்தா நாலு காலண்டர் வருஷ பிளாக்கில் ரெண்டு பயணத்துக்குத்தான் கிடைக்கும். 2022 முதல் 2025 வரை ஒரு பிளாக், 2026 முதல் 2029 வரை அடுத்தது. அதுவும் இந்தியாவுக்குள்ள போற பயணக் கட்டணத்துக்கு மட்டும்தான். ரூம், சாப்பாடு, ஊர் சுத்துற செலவு எதுவும் வராது. லீவ் எடுத்திருக்கணும், வாரக்கடைசியில் போயிட்டு வந்தா லீவ் எங்கே இருக்கு? நாலு வருஷத்துல கிடைக்கிற ரெண்டு வாய்ப்பில் ஒண்ணை 350 ரூபாய் ரயில் டிக்கெட்டுக்கு வீணாக்கிடாதீங்க. வீட்டோட அந்தமானுக்கோ காஷ்மீருக்கோ ஃப்ளைட்டில் போகும்போது எடுங்க. ப்ராக்குக்கு இது செல்லாதுன்னு தனியா சொல்ல வேண்டியதில்ல.

சாப்பாடு: இங்கேதான் ஓட்டை

சனிக்கிழமை காலை ரயிலில் ஜோலார்பேட்டை. அங்கிருந்து வாணியம்பாடி. மதியம் பன்னிரண்டரைக்கு பிரியாணி, கத்தரிக்காய் தொக்கோட. ஆம்பூர் பேர் வாங்கிடுச்சு, ஆனா வாணியம்பாடிக்காரங்க அதை ஒத்துக்க மாட்டாங்க, நானும் அவங்க கட்சிதான். ஆளுக்கு 250 ஒதுக்கியிருந்தோம். ஒருத்தன் "இன்னொரு சிக்ஸ்டி ஃபைவ்"னான், இன்னொருத்தன் பீஃப் வறுவல்னான், முடிவுல ஃபிர்னி. பில் 1,640. முதல் வேளையிலேயே 640 ரூபாய் ஓவர். யாரும் கவனிக்கல, ஏன்னா யு.பி.ஐ.யில் ஒருத்தன் கட்டிட்டான். காசு கையிலிருந்து போனா தெரியும், போனிலிருந்து போனா தெரியாது.

அதனால இந்த மாதிரி டிரிப்புக்கு நான் சொல்ற முறை இதுதான். கிளம்புறதுக்கு முன்னாடி சாப்பாடு, படகு, வாங்குற சாமான் மூணுக்கும் சேர்த்து மொத்தக் காசையும் ரொக்கமா எடுத்து ஒரு கவரில் போட்டு ஒருத்தர் கிட்ட கொடுத்துடுங்க. மலைமேல சிக்னல் இல்லாதப்போ ரொக்கம் எப்படியும் வேணும். கவர் மெலியறது கண்ணுக்குத் தெரியும். நாங்க இதை ஞாயிற்றுக்கிழமைதான் ஆரம்பிச்சோம், அந்த ஒரு நாள் சாப்பாடு பட்ஜெட்டுக்குள்ள நின்னுச்சு.

ஆலங்காயம் வழியா மலை ஏறினா காவலூர். ரெண்டு மணிக்கு உள்ளே. பெரிய டெலஸ்கோப்பில் கண் வச்சுப் பார்க்கலாம்னு நினைச்சுப் போகாதீங்க. அது ஆராய்ச்சிக்கு. அந்தக் கோபுரத்தையும் கருவியையும் பார்க்கலாம், விளக்கிச் சொல்றாங்க. இருட்டின பிறகு, வரிசையில் நின்னு சின்ன டெலஸ்கோப்பில் வியாழனைப் பார்த்தோம். பக்கத்துல நாலு புள்ளி மாதிரி நிலாக்கள். எனக்கு முன்னாடி நின்ன ஒரு சின்னப் பொண்ணு நகரவே மாட்டேன்னுட்டா. அவங்கப்பா "பின்னாடி அண்ணன் நிக்கிறாரும்மா"ன்னு கெஞ்சினார். நான் அவசரம் இல்லைங்கன்னு சொன்னேன், உண்மையிலேயே அவசரம் இல்ல. இதுக்குச் செலவு பூஜ்யம்.

ஜமுனாமரத்தூர் போய்ச் சேர ஒன்பதரை. அங்கே ஒரு பாடம். மலையில் ஓட்டல் நிறைய இல்ல. இருக்கிற சின்னக் கடைகளும் சீக்கிரம் மூடிடும். தங்குற இடத்துல சாயந்திரமே போன் பண்ணிச் சொல்லி வச்சிருந்தா சமைச்சு வச்சிருப்பாங்க. நாங்க சொல்லல. கடைசியில் அந்த அக்கா எழுந்து வந்து தோசை சுட்டுக் கொடுத்தாங்க. "காலையிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா களி கிண்டி வச்சிருப்பேனே தம்பி"ன்னாங்க. அடுத்த நாள் மதியத்துக்கு அப்பவே சொல்லி வச்சோம். சாமைச் சோறு, நாட்டுக்கோழிக் குழம்பு, கேழ்வரகுக் களி, கீரை. ஆளுக்கு 180 ரூபாய். இந்த ரெண்டு நாள்ல நான் சாப்பிட்ட நல்ல சாப்பாடு அதுதான், பிரியாணி ரெண்டாவது.

இங்கே இருக்கிறவங்கள்ல பெரும்பாலானவங்க மலையாளி என்கிற பழங்குடி மக்கள். கேரளாவுக்கும் இந்தப் பேருக்கும் சம்பந்தம் இல்ல. சாமை அவங்க முக்கியமான விளைச்சல். தேன், புளி, பலா, சீசனில் சீதாப்பழமும் வரும். நான் 1,200 ஒதுக்கின இடத்துல 2,700க்கு வாங்கினோம். பட்ஜெட்டை மீறினதுல வருத்தப்படாத ஒரே வரி அதுதான். காரணம் எளிமையானது. சாமை எங்க வீட்டுல எப்படியும் மாசாமாசம் வாங்குறோம், சென்னைக் கடையில் கொடுக்கிற காசை இங்கே விளைவிச்சவங்க கையிலேயே கொடுத்தேன். அது டிரிப் செலவு இல்ல, மளிகைச் செலவு. அதைப் பட்ஜெட்டில் தனி வரியா போட்டிருக்கணும். அதுதான் என் தப்பு.

ஞாயிறு காலை கோமுட்டேரியில் படகு, பீமன் அருவியில் (சொன்ன மாதிரியே நூல்) அரை மணி நேரம், மதியச் சாப்பாடு, போளூர் வழியா இறக்கம். படவேடு, வேலூர் கோட்டை ரெண்டும் பார்க்கிறதா திட்டம். நேரம் பத்தல, படவேட்டை விட்டுட்டோம். ரெண்டு நாளைக்கு ஒரு நாளைக்கு ரெண்டு இடம்தான் தாங்கும். மூணாவதை எழுதினா, அது காரோட எக்ஸ்ட்ரா ஹவர்ல முடியும்.

திங்கட்கிழமைக் கணக்கு

இதுதான் இந்தப் பயிற்சியோட உயிர், நிறைய பேர் விட்டுடறதும் இதுதான். வந்த மறுநாளே உட்கார்ந்து, போட்ட தொகைக்குப் பக்கத்துல ஆன தொகையை எழுதுங்க.

ரயில் 1,400, மாற்றம் இல்ல. கார் 8,600. ராத்திரி நேரம், மலைக்கட்டணம் எல்லாம் சேர்ந்து 1,100 அதிகம். ரூம் 3,600. சாப்பாடு 4,850. படகு, நுழைவு 450, இங்கே மட்டும் மிச்சம். வாங்கினது 2,700. மொத்தம் 21,600. போட்டது 17,900. வித்தியாசம் 3,700, அதாவது சுமார் 21 சதவீதம். நான் வச்ச பத்து சதவீதக் காப்புத் தொகை பாதிக்குத்தான் தாங்குச்சு.

இப்போ பழைய ப்ராக் கணக்கை எடுத்தேன். போட்டது 1,50,000, ஆனது 1,88,000. 25 சதவீதம். ஊர் வேற, காசு வேற, வருஷம் வேற, ஆள் ஒருத்தன்தான். நான் எந்த பட்ஜெட் போட்டாலும் அஞ்சில் ஒரு பங்குக்கு மேல தாண்டுற ஆள். உங்க நம்பர் 8ஆ இருக்கலாம், 40ஆ இருக்கலாம். எதுவா இருந்தாலும் அடுத்த பெரிய பயணத்துக்குப் போடுற பட்ஜெட்டில் அந்த சதவீதத்தை முன்னாடியே சேர்த்துடுங்க.

ப்ராக்குக்கு நான் இப்போ போட்டிருக்கிற அடிப்படைத் தொகை 1,90,000. இதுல ஷெங்கன் விசா கட்டணம் 90 யூரோ, குறைந்தபட்சம் 30,000 யூரோ கவர் இருக்கிற டிராவல் இன்ஷூரன்ஸ் ரெண்டும் அடக்கம். ரெண்டாவது இல்லாம விசாவே கிடையாது. பல கார்டுகள் வெளிநாட்டில் தேய்ச்சா 3.5 சதவீதம் மார்க்கப், அதுக்கு மேல ஜி.எஸ்.டி. போடும், அதையும் சேர்த்துட்டேன். இதோட என்னுடைய 25 சதவீதம், 47,500. ஆக 2,37,500.

இதுக்கு பேங்க்கில் மாசம் 6,000 ரூபாய் ஆர்.டி., 36 மாசம். 6.5 சதவீதம் கிடைச்சா சுமார் 2.38 லட்சம் வரும். போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி. அஞ்சு வருஷத்துக்கு, அது இதுக்கு ஒத்து வராது. போன தடவை டிரிப் முடிஞ்ச பிறகு மாசம் 7,202 கட்டினேன். இந்தத் தடவை டிரிப்புக்கு முன்னாடி மாசம் 6,000. ஜவ்வாது மலை மாதிரி சின்ன டிரிப்புக்கு ஆளுக்கு 5,400, ஆறு மாசத்துக்கு மாசம் 900 எடுத்து வச்சா முடிஞ்சது.

ஆனா இந்த ஆர்.டி. தொடங்குறதுக்கு முன்னாடி ஒரு நிபந்தனை வச்சுக்கிட்டேன். அப்பா, அம்மாவுக்கு ஹெல்த் இன்ஷூரன்ஸ் தனியா எடுத்தாச்சு. ஆறு மாச வீட்டுச் செலவு வேற அக்கவுண்ட்டில், ஏ.டி.எம். கார்டே வாங்காம கிடக்கு. அது முழுசா சேர 19 மாசம் ஆச்சு. அந்த 19 மாசத்துல போன ஒரே டிரிப் இந்த ஜவ்வாது மலைதான். அம்மாவுக்கு சாமை பிடிச்சுப் போச்சு. அடுத்த தடவை அவங்களும் வர்றாங்களாம், காவலூர் டெலஸ்கோப் பார்க்கணுமாம். அதனால அடுத்த பட்ஜெட்டில் ரூம் மூணு, கார் பெருசு, ராத்திரிச் சாப்பாடு முன்கூட்டியே சொல்லி வைக்கணும். நான் போட்ட ஷீட்டை வீடியோவுக்குக் கீழே வச்சிருக்கேன். என் நம்பரை அழிச்சுட்டு உங்க நம்பரைப் போடுங்க.